நவஹோ மக்களின் மணல் ஓவியம்



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் நான். ஒரு பாடவேளையில் எழுதியதை அடுத்த பாடவேளை தொடங்குமுன் நானே துடைத்துவிடுவது வழக்கம். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் உலக வரலாறு நடத்திக்கொண்டிருந்தபொழுது, அமெரிக்கப் பழங்குடி மக்களைப் பற்றிப் பேச நேர்ந்தது. அவர்களுள் நவஹோ என்னும் இனத்தார் தரையில் வண்ண மணலால் அழகிய ஓவியங்கள் தீட்டுவர் என்றும், தீட்டிய அன்றே அவற்றை அழித்துவிடுவர் என்றும் கூறினேன். அதனோடு நில்லாமல், "எழுத்தறியா மக்களாதலின் தம் கலையைப் பாதுகாக்கும் வழி அவர்களுக்குத் தெரியவில்லை" என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அன்றன்றே அழித்துவிட்டால் அடுத்த முறை அதையே எப்படித் தீட்டுவார்கள்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "உட்கார், பாடத்தைக் கவனி" என்று சொல்லிவிட்டேன்.

அவனுக்குத் தந்திருக்க வேண்டிய விடையைத் தேடிப் பின்னர்ப் பல நூல்களைப் படித்தேன். நான் சொன்ன விளக்கம் முற்றிலும் பிழை என்பதை அவை எனக்கு உணர்த்தின. பாதுகாக்கத் தெரியாமல் அம்மக்கள் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று அறிந்தே அழிக்கின்றனர். பாதுகாப்பை அவர்கள் வேறோர் இடத்தில் வைத்திருக்கின்றனர். அந்த இடம் எது, அதற்கு நேர்ந்த ஆபத்து எது என்பனவே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்புபவை.

முதலில் அம்மக்கள் யாவர் என்பதைப் பார்ப்போம். 1492-இல் அமெரிக்கத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், தாம் இந்தியாவின் பக்கம் வந்துவிட்டதாக எண்ணி, அங்கு வாழ்ந்தோரை இந்தியர் என்று அழைத்தார். அந்தப் பிழையான பெயர் இரு கண்டத்து மக்கள்மீதும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவர்கள் வெவ்வேறு மொழியும் வழக்கமும் உடைய எண்ணற்ற இனத்தார். நவஹோ என்பதும் பிறர் இட்ட பெயரே. அவர்கள் தம்மை 'டினே' என்பர். 'மக்கள்' என்பது அதன் பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவிய அவர்களுடைய நிலப்பகுதி ஏறத்தாழ 27,000 சதுர மைல் பரப்புடையது. நவஹோ நாட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றோர் தொகை இன்று 4 இலட்சம் அளவில் உள்ளது. செந்நிறப் பாறைகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்த அவ்வறண்ட நிலத்தில் மக்காச்சோளம் பயிரிட்டும், ஆடு வளர்த்தும், கம்பளம் நெய்தும் அவர்கள் வாழ்ந்து வந்தனர்.

அவர்களுடைய உலகம் நான்கு மலைகளுக்கு இடைப்பட்டது. கிழக்கே பிளாங்கா சிகரம். தெற்கே டெய்லர் மலை. மேற்கே சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள். வடக்கே ஹெஸ்பெரஸ் மலை. இவை இன்றும் நிலப்படத்தில் காணத்தக்க மெய்யான மலைகள். ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறமும் ஒரு பொழுதும் உண்டு. கிழக்கு, வைகறையின் வெண்மை. தெற்கு, நண்பகல் வானத்தின் நீலம். மேற்கு, அந்தியின் மஞ்சள். வடக்கு, இரவின் கருமை. 'ஹோகான்' எனப்படும் அவர்களுடைய மரபு வீடு வட்டமாகவோ எண்கோணமாகவோ அமைந்து, வாயில் கிழக்கு நோக்கியிருக்கும். அவ்வீட்டில் வாழும் குழந்தை, வாயிலையும் சுவரையும் பார்த்தே உலகத்தின் அமைப்பைக் கற்றுக்கொள்கிறது.

அவர்களுடைய படைப்புக் கதை, மக்கள் கீழுலகங்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி இவ்வுலகை அடைந்ததைக் கூறுவது. ஒவ்வோர் உலகிலும் பூசலும் ஒழுங்கின்மையும் தோன்றியமையால் அதைவிட்டு நீங்க வேண்டியதாயிற்று. இவ்வுலகை அடைந்த முதல் ஆடவனும் முதல் பெண்ணும் கீழுலகிலிருந்து கொணர்ந்த மண்ணைக் கொண்டு நான்கு மலைகளையும் நிறுவினர். பின்னர் 'மாறும் அன்னை' தோன்றினாள். பருவங்களைப் போல முதுமை எய்தி மீண்டும் இளமை பெறுபவள் அவள். அவளுக்குப் பிறந்த இரட்டையர் தம் தந்தையாகிய கதிரவனிடம் படைக்கலம் பெற்று, மக்களை விழுங்கிய அரக்கரை அழித்தனர். ஆனால் எல்லாரையும் அழிக்கவில்லை. பசி, வறுமை, முதுமை போன்ற சிலரைக் கொல்லச் சென்றபொழுது அவர்கள் தமக்காக வாதாடினர். பசி இல்லையேல் உண்பதில் இன்பம் ஏது? முதுமை இல்லையேல் இளையோர் பொறுப்பேற்பது எப்போது? இரட்டையர் அவ்வாதத்தை ஏற்று அவர்களை உயிருடன் விட்டனர். துன்பத்தை முற்றும் ஒழித்துவிட்ட உலகத்தை அக்கதை கற்பனை செய்யவில்லை. துன்பத்திற்கும் ஓர் அளவான இடம் கொடுத்து நிற்கும் உலகத்தையே காட்டுகிறது. இக்கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வர். பாம்பும் கரடியும் உறங்கும் காலம் அது.

அந்த அளவான நிலைக்கு அவர்கள் மொழியில் 'ஹோஜோ' என்று பெயர். அழகு, ஒழுங்கு, நலம், அமைதி ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் அடக்கியது அது. மனிதனும், அவன் சுற்றத்தாரும், விலங்கும், இடியும், மலையும், தெய்வ மாந்தரும் தத்தம் இடத்தில் முறையாக நிற்பதே ஹோஜோ. அம்முறை குலையும்போது நோய் வருகிறது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே நோயைத் தீர்ப்பது என்பது மனிதனை மீண்டும் அவனுக்குரிய இடத்தில் நிறுத்துவதாகும். அதற்கென அமைந்த சடங்குகளுக்கு மலை நெறி, இரவு நெறி, பகைவர் நெறி, ஆசி நெறி என்பன போன்ற பெயர்கள் உள. சில இரண்டு இரவுகள் நிகழ்வன, சில ஐந்து, பெரியவை ஒன்பது இரவுகள். இவற்றை நடத்துபவர் 'ஹதாலி', அதாவது பாடுபவர் எனப்படுவார். நோயுற்றவரை அவர்கள் 'பாடப்படுபவர்' என்று குறிப்பர்.

இனி ஓவியத்திற்கு வருவோம். ஹோகானின் நடுவில் தூய மணலைப் பரப்பி, நெசவில் பயன்படும் மரக்கட்டையால் அதனைச் சமன் செய்வர். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமான மென்பாறைகளை அரைத்துப் பொடியாக்கியிருப்பர். கருமைக்கு அடுப்புக்கரி. கரியையும் வெண்மணலையும் கலந்தால் நீலச்சாயல் கொண்ட ஒரு நிறம் கிடைக்கும். உதவியாளர் பலர் சூழ அமர்ந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பொடியை நூல்போல் ஒழுகவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கித் தீட்டுவர். நேர்க்கோடு வேண்டுமிடத்துக் கயிற்றை இழுத்துத் தெறித்து அடையாளம் செய்துகொள்வர். பிழை நேர்ந்தால் அதன்மேல் அடித்தள மணலைத் தூவி மறைத்து மீண்டும் தீட்டுவர். ஹதாலி அருகிலிருந்து ஒவ்வொரு கோட்டையும் மேற்பார்வையிடுவார். ஓர் அடி அகலமுள்ள சிறு ஓவியங்களும் உள; இருபது அடி அகலமுள்ளவையும் உள. ஆறடி அளவே பெரிதும் வழக்கம். பல மணி நேர உழைப்பில் தெய்வ மாந்தரும், மக்காச்சோளமும், மின்னலும், மலைகளும் தத்தம் திசையில் தத்தம் நிறத்தில் தோன்றும். மூன்று பக்கங்களிலும் வானவில் காவலாக நிற்கும். கிழக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும்.

ஓவியத்தின் மீது ஹதாலி மாவையோ மகரந்தத்தையோ தூவிய பின்னரே அது திருவுடையதாகிறது. நோயுற்றவர் உள்ளே வந்து அதன் நடுவில் அமர்கிறார். ஹதாலி தம் ஈரக்கையால் தெய்வ உருவத்தின் பாதத்திலுள்ள மணலைத் தொட்டு நோயாளியின் பாதத்தில் ஒற்றுகிறார். முழங்காலிலிருந்து முழங்காலுக்கு, கையிலிருந்து கைக்கு, தலையிலிருந்து தலைக்கு அவ்வாறே ஒற்றப்படுகிறது. தெய்வத்தின் வலிமை மனிதனுக்கும், மனிதனின் நோய் மணலுக்கும் இடம் மாறுகின்றன என்பது நம்பிக்கை. நோயாளி எழுந்து சென்றபின், ஹதாலி உருவங்களை முறையாகக் கலைத்துவிடுகிறார். அம்மணலைத் துணியில் அள்ளி, வீட்டிற்கு வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவர். பகலில் தீட்டியது கதிரவன் மறையுமுன் இல்லாமற்போகும்.

அவ்வோவியத்திற்கு அவர்கள் வழங்கும் பெயருக்குத் 'தெய்வங்கள் வந்து போகும் இடம்' என்பது பொருள். நாம் அதனைப் பார்ப்பதற்குரிய படம் என்று கருதுகிறோம். அவர்களுக்கோ அது ஒரு வாயில். வேலை முடிந்தபின் வாயிலைத் திறந்து வைத்திருப்பது முறையாகாது அன்றோ? மேலும் அம்மணல் இப்போது நோயை ஏற்ற மணல். வீட்டில் வைத்திருக்கத் தக்கதன்று.

இதற்கு அவர்களே கூறும் வேறொரு காரணமும் உண்டு. வாஷிங்டன் மாத்யூஸ் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர் நியூ மெக்சிகோவிலிருந்த விங்கேட் கோட்டையில் பணியாற்றியபொழுது நவஹோ மொழியைக் கற்று, மலை நெறிச் சடங்கைப் பற்றி 1887-இல் ஒரு விரிவான நூல் வெளியிட்டார். அதில் வரும் கதை ஒன்று: தெய்வங்கள் தம் ஓவியங்களை அழியாத விரிப்புகளில் வைத்திருந்தன. மனிதனுக்கு அவற்றைக் காட்டினவே தவிரக் கொடுக்கவில்லை. மனிதர் தெய்வங்களைப் போல் நல்லவரல்லர். ஒரு பொருளைக் கொடுத்தால் அதற்காகச் சண்டையிட்டுக் கிழித்துவிடுவர். பின் மழை பெய்யாது, சோளம் விளையாது. ஆகவே மண்ணின் நிறங்களைக் கொண்டு மண்மீதே தீட்டிக்கொள்ளுங்கள் என்று தெய்வங்கள் கட்டளையிட்டன. உடைமையாக்க முடியாதபடி அறிவைக் காத்த ஏற்பாடு இது.

அப்படியாயின் ஓவியம் எங்கே இருக்கிறது? ஹதாலியின் நினைவில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் பதிவு செய்தவை மட்டுமே ஐந்நூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய பாடல்கள், மருந்துச் செடிகள், வரிசை முறை ஆகியவை பிழையின்றி மனத்தில் நிற்க வேண்டும். ஒரு பெருஞ்சடங்கைக் கற்கவே பல ஆண்டுகள் ஆகும். ஆகவே பெரும்பாலான ஹதாலியர் ஒன்றிரண்டு நெறிகளில் மட்டுமே வல்லவர். ஆசிரியரின் பக்கத்திலிருந்து, மணல் அரைத்து, சிறு உருவங்களைத் தீட்டிப் பழகி, மாணவன் ஹதாலியாகிறான். என் வகுப்பு மாணவன் கேட்ட வினாவுக்கு விடை இதுவே: அடுத்த முறை தீட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு பழைய படம் தேவையில்லை, ஒரு நல்ல மாணவன் தேவை.

அம்மாணவன் கிடைக்காமற்போகும் காலமும் வந்தது. 1863-இல் அமெரிக்கப் படை, கிட் கார்சன் என்பவர் தலைமையில் நவஹோ நாட்டினுள் புகுந்து, வயல்களையும் ஆட்டுமந்தைகளையும் அழித்தது. 1864-இல் ஆயிரக்கணக்கான மக்கள் 300 மைல்களுக்கு மேல் நடத்திச் செல்லப்பட்டு, கிழக்கே பாஸ்க் ரெடோண்டோ என்னும் இடத்தில் அடைக்கப்பட்டனர். 'நெடுநடை' என்று அது வரலாற்றில் வழங்குகிறது. அவ்விடம் நான்கு மலைகளுக்கு வெளியே உள்ளது. தண்ணீர் உவர்ப்பு, விளைச்சல் பொய்த்தது, நோயும் பசியும் பலரைக் கொண்டுசென்றன. 1868-இல் படைத்தலைவர் ஷெர்மன் பேச்சு நடத்த வந்தபொழுது, நவஹோ தலைவரும் சடங்குப் பாடகருமான பார்பொன்சீட்டோ, தம் மக்கள் படைக்கப்பட்டபோதே நான்கு மலைகளும் நான்கு ஆறுகளும் அவர்களுக்குக் காட்டப்பட்டன என்றும், அவற்றினுள்ளேயே வாழவேண்டும் என்று முன்னோர் கூறினர் என்றும் எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஜூன் 1-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மக்கள் தம் நாட்டிற்குத் திரும்பினர். தெற்கு மலையாகிய டெய்லர் மலையின் உச்சி கண்ணுக்குத் தெரிந்தபொழுது முதியோர் மகிழ்ச்சியால் நிலைகுலைந்தனர் என்று அவர்கள் நினைவுகூர்கின்றனர்.

அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. ஆசிரியனாகிய நான் அதனைப் படித்தபொழுது முதலில் மகிழ்ந்தேன். ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றும், முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரை அரசு தரும் என்றும் அது கூறுகிறது. நல்ல விதி என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் அக்காலத்து உறைவிடப் பள்ளிகள் பிள்ளைகளின் முடியைக் கத்தரித்தன, பெயரை மாற்றின, தாய்மொழி பேசினால் தண்டித்தன. 1883-இல் அரசு வகுத்த விதித்தொகுப்பு ஒன்று பழங்குடியினரின் நடனங்களையும் மருத்துவர் செயல்களையும் குற்றமாக்கியது. ஹதாலியின் அருகிலமர்ந்து கற்கவேண்டிய வயதில் பிள்ளை வேறோர் ஊரில், வேறொரு மொழியில், தன் பாட்டனார் அறியாமையில் மூழ்கியவர் என்று கற்றுக்கொண்டிருந்தான். ஓவியத்தை அழித்தவர் ஹதாலி. அதனை மீண்டும் தீட்ட முடியாமல் செய்தது பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சொன்னதைத்தான் நானும் என் வகுப்பில் சொன்னேன் என்பதை எண்ணும்போது எனக்கு நாணம் உண்டாகிறது.

இந்த நிலையில் வாழ்ந்தவர் ஹாஸ்டீன் கிளா என்னும் ஹதாலி. 1867-இல் பிறந்தவர். 'கிளா' என்பதற்கு இடக்கைப் பழக்கமுடையவர் என்று பொருள். பல பெருஞ்சடங்குகளைக் கற்றுத் தேர்ந்தவர். நெசவு அங்கே பெரும்பாலும் பெண்டிர் தொழிலாயினும் அவர் அதிலும் வல்லவர். 1919-இல் அவர் இரவு நெறிக்குரிய மணல் ஓவியம் ஒன்றைக் கம்பளத்தில் நெய்தார். மற்ற ஹதாலியர் அஞ்சினர், சினந்தனர். அழிய வேண்டியதை அழியாமல் செய்தால் நெய்தவருடைய கண்பார்வை போகும், ஊருக்கும் கேடு வரும் என்று கருதினர். கிளா நிறுத்தவில்லை. காப்புச் சடங்குகள் செய்து, தம் உறவினரான இரு பெண்களையும் அந்நெசவில் பழக்கினார். அவ்வூரில் கடை நடத்தியவரின் மனைவியாகிய பிராங்க் நியூகோம் சடங்குகளை நேரில் கண்டு, மனத்தில் பதித்துக்கொண்டு, வீடு சென்று காகிதத்தில் வரைந்தார். கிளா அவற்றைத் திருத்திக் கொடுத்தார். பாஸ்டன் நகரச் செல்வரான மேரி வீல்ரைட் அம்மையார் கிளா சொன்ன படைப்புக் கதையை எழுதிக்கொண்டார்.

கிளா ஏன் அவ்வாறு செய்தார்? தம் அறிவு முழுவதையும் ஏற்று நடத்தும் மாணவர் ஒருவர் தமக்குப்பின் இருப்பார் என்ற நம்பிக்கை அவருக்குக் குறைந்துகொண்டே வந்தது. நெடுங்காலம் தம்மிடம் பயின்ற துணைவரும் அவருக்கு முன்னரே இறந்துபோனார். மரபின் விதியைக் காத்தால் மரபு தம்மோடு மறையும். மரபைக் காத்தால் விதியை மீற வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தார். அவரை எதிர்த்தோரையும் நாம் குறைகூற இயலாது. அவர்கள் அஞ்சியதிலும் உண்மை இருந்தது. அவ்வோவியங்கள் விலைப்பொருளாயின. பலகையில் பசை தடவி மணலை ஒட்டிய படங்கள் கடைகளில் விற்கப்பட்டன. அவற்றைச் செய்யும் நவஹோ கலைஞர் பலர் ஒரு நிறத்தையோ ஓர் உறுப்பையோ வேண்டுமென்றே மாற்றிவிடுகின்றனர். முழுமையான ஓவியம் சடங்கிற்கே உரியது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

கிளாவும் வீல்ரைட் அம்மையாரும் திட்டமிட்ட அருங்காட்சியகம் சாந்தா பே நகரில் ஹோகான் வடிவில் எழுந்து 1937-இல் திறக்கப்பட்டது. கிளா அவ்வாண்டிலேயே, திறப்பு விழாவைக் காணுமுன் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1977-இல், அவ்வருங்காட்சியகம் தன்னிடமிருந்த திருப்பொதிகளை நவஹோ மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. சடங்கிற்குரிய பொருள்கள் கண்ணாடிப் பேழையை விட்டுச் சடங்கு நடத்துவோரின் நாட்டிற்குத் திரும்பின. மறுஆண்டு, 1978-இல், பழங்குடியினரின் சமய உரிமையைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது.

பள்ளிக்கூடமும் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றது. ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1968-இல், நவஹோ மக்கள் தமக்கென ஒரு கல்லூரியை நிறுவினர். அமெரிக்காவில் ஒரு பழங்குடி இனம் தானே நிறுவிய முதற் கல்லூரி அதுவே. இன்று அது டினே கல்லூரி எனப்படுகிறது. அதன் கல்விநெறி நான்கு திசைகளைப் பின்பற்றியது: கிழக்கே சிந்தித்தல், தெற்கே திட்டமிடல், மேற்கே வாழ்ந்து பார்த்தல், வடக்கே அதனை எண்ணித் தெளிதல். இன்றும் நவஹோ நோயாளர் பலர் மருத்துவமனைக்கும் செல்கின்றனர், ஹதாலியையும் அழைக்கின்றனர். ஆயினும் எல்லாச் சடங்குகளும் பிழைக்கவில்லை. தகுந்த மாணவர் இல்லாமல் சில நெறிகள் மறைந்தேவிட்டன. அவற்றுக்குரிய படங்கள் நூல்களில் இருக்கலாம். அவற்றைப் பாடி நடத்துவோர் இல்லை.

மாணவ மாணவியரே, எழுத்தும் அச்சும் படப்பதிவும் நம்மிடம் நிறைந்துள்ளன. அவற்றின் பயனைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கிளாவின் கம்பளங்களும் நியூகோம் அம்மையாரின் வரைபடங்களும் இல்லையேல் நானே இதனை அறிந்திருக்க மாட்டேன். ஆனால் நூலகத்தில் இருப்பதனாலேயே ஓர் அறிவு நம்முடையதாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அதனை ஒருவர் கற்று, கையால் செய்து பழகி, மற்றொருவருக்குக் கொடுக்கும்வரைதான் அது உயிரோடிருக்கும். உங்கள் வீட்டு முதியோர் ஒருவரிடம் அவர் மட்டுமே அறிந்த ஒரு பாட்டோ, ஒரு மருந்தோ, ஒரு கைத்தொழிலோ இருக்குமானால், இந்த விடுமுறையில் அவர் அருகில் அமர்ந்து அதனைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை கேட்டால் போதாது. நீங்கள் அவருக்குத் திருப்பிச் சொல்லி, அவர் பிழை திருத்தும்வரை கேளுங்கள்.

அன்று வினா எழுப்பிய அந்த மாணவன் இப்பொழுது எங்கிருக்கிறானோ, நான் அறியேன். எங்கிருந்தாலும் இப்பேச்சு அவன் செவிக்கு எட்டுமானால், "உட்கார்" என்று சொன்னதற்காக அவன் என்னைப் பொறுத்தருள வேண்டும். அவன் கேட்டது நல்ல கேள்வி.